தையலுக்கு விட்ட ஒன்றரை அங்குலம்

உள்கதவுக்கு மேலே ஜன்னல் வைக்க டெய்லர் சுவரை வெட்டிய அன்று, காலை பதினொன்றே காலுக்கு, அவர் வீட்டு மாடி கீழே விழாமல் மேலே கிளம்பியது. மாடியில் அவர் மனைவி இருந்தார்.

தப்பு டெய்லருடையதுதான், அதை அவரே எல்லோரிடமும் சொன்னார், கேட்காதவர்களிடமும். ரயில் பெட்டிகள் மாதிரி நான்கு அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்ற வீடு. வெளிச்சம் முன்னறையோடு திரும்பிப் போய்விடும். நடு அறை இருட்டில் காஜா போட்டு பட்டன் தைத்த மனைவி, உள்கதவுகளுக்கு மேலே கண்ணாடி ஜன்னல் வைத்தால் பின்னறை வரை வெளிச்சம் வருமே என்று பத்தொன்பது வருடம் கேட்டார். அடுத்த மாதம் என்று டெய்லரும் பத்தொன்பது வருடம் சொன்னார். கடைசியில் ரோஷம் வந்து, தூசுக்குப் பயந்த மனைவியை மாடிக்கு அனுப்பிவிட்டு, இஞ்ச் டேப்பால் சுவரை அளந்து சாக்பீஸால் கோடு போட்டார். தொழில் பழக்கத்தில் நாலு பக்கமும் தையலுக்கென்று ஒன்றரை அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டினார். மாடியைத் தாங்கிய விட்டம் அந்த ஒன்றரை அங்குலத்தில் இருந்தது.

"வீடென்ன பேண்ட்டா மாமா, பிரிச்சுத் தைக்கிறதுக்கு?" என்றான் கொத்தனாரான மச்சினன்.

"கிண்டலை அப்புறம் வெச்சுக்க மாப்ள. முதல்ல உங்கக்காவை இறக்கு."

அக்கா இறங்கவில்லை. முதல் நாள் படிக்கட்டுக்கும் மாடிக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. மறுநாள் இரண்டு. தினமும் தவறாமல் ஒரு விரல் ஏறியது. தண்ணீர்க் குழாய் மட்டும் மரியாதையாக நீண்டு கொடுத்தது. ஒரு வாரத்தில் தெரு பழகிவிட்டது. இடைவெளி வளர வளர, தபால்காரர் கடிதத்தைக் கல்லில் கட்டி எறிந்தார். கூடையில் அரிசியும் வெட்டிய துணியும் மேலே போயின. காஜா போட்ட சட்டைகள் முன்னைவிட நேர்த்தியாகக் கீழே வந்தன. அந்த நேர்த்திதான் டெய்லரைப் பயமுறுத்தியது. எப்போது இறங்குவாய் என்று கேட்டால் பார்க்கலாம் என்பார் மனைவி. கோபமா என்று கேட்டால், முதலில் வேலையை முடிங்க என்பார். அது ஆமாவா இல்லையா என்று யோசித்தே டெய்லர் இரண்டு சட்டைகளுக்கு இரு பக்கமும் இடது கையாகவே வைத்துத் தைத்தார்.

ஊரிலேயே பெரிய ஏணியை மச்சினன் கொண்டுவந்து சாத்தினான். நாலு மாதம் வரை எட்டும், அதற்கப்புறம் அக்காவுக்குக் கை மட்டும் காட்டலாம் என்றான். டெய்லர் பகலில் தைத்தார், சாயங்காலம் இடித்தார். இந்தமுறை முட்டுக் கொடுத்து, மச்சினன் போட்ட கோட்டுக்குள்ளேயே வெட்டினார். நாலாம் மாதம் கடைசி நாள் கடைசிக் கண்ணாடி ஏறியது. தெரு வெளிச்சம் மூன்று கதவுகளுக்கு மேலேயும் தாவி, பின்னறைச் சுவரில் போய் உட்கார்ந்தது. அதைப் பார்க்கக்கூட நிற்காமல் ஏணியில் ஏறினார். கடைசிப் படியில் நுனிக்காலில் நின்றும் விரல் நுனிதான் மாடியைத் தொட்டது.

"எல்லாக் கதவுக்கும் மேல வெச்சாச்சு," என்றார். "இறங்கி வர்றியா, இல்ல என்னை விட்டுட்டுப் போறியா? இன்னைக்காவது நேரா சொல்லிடு."

மனைவி ஊசியைச் சட்டைக் காலரில் குத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"இறங்க மாட்டேன், இங்க நாலு பக்கமும் வெளிச்சம். உங்களை விட்டுட்டும் போக மாட்டேன். மெஷினைக் கழட்டி, தலையைத் தனியா காலைத் தனியா கூடையில வைங்க. அது வந்ததும் நீங்க கையைக் குடுங்க, தூக்கிடறேன். நாளைக்கு எட்டாது."