வழித்த குழல்

...அப்படியானால் அந்த மயிரிழைகள் எங்கே போய்விட்டன, குருத்தெலும்பு லாடம் மாதிரி வளைந்து முதுகுப்பக்கம் திறந்துதான் இருக்கிறது, சளிச் சுரப்பிகள் இருக்கின்றன, உள்விளிம்பு மட்டும் மொட்டை. பூங்காவனம் மைக்ராஸ்கோப்பின் திருகை முன்னும் பின்னும் திருகினாள். ஆட்டின் மூச்சுக்குழல்தான், மனுஷனுக்கும் இதே அமைப்பு என்றுதான் கொடுத்தார்கள். மூன்றாவது மேசையில் டாக்டரம்மா மார்க் போட்டுக்கொண்டிருக்கிறார், அடுத்தது இவள். பக்கத்திலிருந்து அஃப்ஸர் ஜஹான் எட்டிப் பார்த்தாள். "உள்ள ஒண்ணுமே இல்லியே, வெட்றதுக்கு முன்னாடி இன்னா பண்ணே?" "கொழகொழன்னு இருந்துச்சு, கத்தி முதுகால வழிச்சேன்." "போச்சு போ, அதான் பாடமே. ஆம்பூர் கைய்யி சும்மா இருக்குமா?" சிரிக்கிறாள், சிரிப்பாள், அவள் வீட்டுத் தோல் பதனிடும் ஷாப்பில்தானே இவள் அம்மா சுண்ணாம்புத் தொட்டியருகே உட்கார்ந்து தோல் வழிக்கிறாள், சவ்வு ஒட்டியிருந்தால் மேஸ்திரி வாயில் வருவதையெல்லாம் கேட்கிறாள், அம்மாவோடு உட்கார்ந்து ஆறு வயதில் பழகிய கை இது, தோலுக்கு உட்பக்கம் என்று ஒன்று தெரிந்தாலே வழித்துவிடும், படிப்பு வந்து அதை எப்படி நிறுத்தும்...

படிப்பு. மூச்சில் போகும் தூசி சளியில் ஒட்டும், மயிரிழைகள் ஓயாமல் அசைந்து அதைத் தொண்டைக்குத் தள்ளும், பரீட்சைக்கு நெட்டுருப் போட்டாயிற்று. அப்பா பச்சையப்பன் தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கும் கொட்டகையில் இருபது வருஷம், புருவமெல்லாம் தூள். அவருக்கு உள்ளே இந்த விளிம்பு எப்படியிருக்கும்? இதே மாதிரிதானோ, தூளே வழித்திருக்குமோ? மயிரிழை போய்விட்டால் பிறகு இருமல் ஒன்றுதான் துடைப்பம் என்று டாக்டரம்மா சொன்னபோது இவள்தான் முதலில் எழுதிக்கொண்டாள். எழுதினவள்தான் போன மாதம் கம்பவுண்டரிடம் சண்டை போட்டு, இருமலை அடக்கும் மருந்து ஒரு பாட்டில் வாங்கி, குடிங்க, நானே தர்றேன், எனக்குத் தெரியாதா என்று அதட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள். காலையில் வந்த தபால் கார்டு ரவிக்கைக்குள் இருக்கிறது, அப்பா யாரையோ பிடித்து எழுதவைத்திருக்கிறார். 'இருமல் சுத்தமா நின்னுப்போச்சும்மா. உன்னைப் படிக்கவெச்சது வீண் போவல. நெஞ்சு மட்டும் கல்லு வெச்ச மாதிரி கனக்குது. இன்னொரு பாட்டில் அனுப்பு.' காலையில் இதைத்தான் அஃப்ஸரிடம் பெருமையாக நீட்டினாளா, முதல் வரியை மட்டும் படித்துவிட்டு...

"என்ன தெரியுது?" டாக்டரம்மா வந்து நின்றார். வழித்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும், மார்க் போகட்டும், ஆம்பூருக்கு மத்தியான வண்டி எத்தனை மணிக்கு, போய் அந்த மனிதரிடம் என்னவென்று சொல்வது, இருமுங்கப்பா என்றா?