கே கலர் தோடு

தி. நகர் நகைக்கடையில் விற்பனையாளர் இரண்டு வைரங்களை வெள்ளைக் காகிதத்தில் கவிழ்த்து வைத்தார்.

"இது டி கலர் மேடம், துளிகூட மஞ்சள் இருக்காது. எழுத்து தள்ளிப் போகப் போக மஞ்சள் ஏறும், விலை இறங்கும். இது கே."

"கே போதும். தங்கத்துல தோடு பண்ணிடுங்கோ" என்றாள் ஸஹானா. கல்யாணத்துக்காகத் தன் சம்பளத்தில் வாங்குகிறாள்.

கூட வந்திருந்த வருங்கால மாமியார் கோமளா பதறினாள். "மஞ்சளா தெரியறதேடி!"

"காகிதத்துலதானே மாமி தெரியறது? மஞ்சள் தங்கத்துல பதிச்சா யாருக்குத் தெரியும்?"

"என் பெரிய நாத்தனாருக்குத் தெரியும். தோட்டைக் கழட்டச் சொல்லித் திருப்பிப் பார்ப்பா. என் கல்யாணத்தப்போ என் தோட்டையும் அப்படித்தான் பார்த்தா, மண்டபத்துலயே. மஞ்சக் கல்லுன்னு எல்லார் முன்னாடியும் சிரிச்சா."

"கழட்டிக் குடுத்தேளா?"

"குடுக்காம? புதுப்பொண்ணு நான்."

"நான் குடுக்க மாட்டேன். மஞ்சளான்னு கேட்டா, ஆமாம், தெரிஞ்சே வாங்கினேன், எனக்குப் பிடிச்சிருக்குன்னு சொல்வேன்."

"அவ மூஞ்சிக்கு நேராவா?"

"மைக் குடுத்தா மைக்லயும் சொல்வேன்."

கோமளா டி கல்லை விற்பனையாளர் பக்கம் தள்ளினாள்.

"இதை எடுத்து உள்ளே வைங்கோ. அடியே, அதைச் சொல்றச்சே என்னையும் கூப்பிடு. நான் பக்கத்துல நிக்கணும்."