விளையாட்டில் பட்ட அடி

தலைமையாசிரியை நீட்டிய கடிதத்தில் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. மகள் சொந்த விருப்பத்தில் பள்ளியிலிருந்து விலகுவதாக யாரோ தட்டச்சு செய்திருந்தார்கள்.

"போலீஸ் வரைக்கும் போகாம முடிச்சுக்கலாம்மா. தண்ணி பாட்டிலால அடிச்சு கூடப் படிக்கிற பொண்ணோட பல்ல உடைச்சிருக்கா."

அம்மா திரும்பினாள். மகளுக்குப் பதினைந்து வயது. காதில் பிளாஸ்திரி.

"ஏன்டி அடிச்சே?"

"இப்பவாச்சும் கேட்டியே. நீ ஆஸ்பத்திரித் துணி துவைக்கிறேல்ல, எனக்குப் பேரு சோப்பு. அவளும் அவ கூட்டாளிங்களும் பாத்ரூம்ல தள்ளி, தலைல தண்ணி ஊத்தி, நுரை வருதான்னு பாப்பாளுங்க. நேத்து காதைக் கிழிச்சாளுங்க. ரத்தத்தோட வந்தப்பல்லாம் நீ சட்டையத்தானேம்மா பாத்தே?"

உண்மைதான். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பதினோரு வருட வேலை. ரத்தக் கறையைச் சுடுதண்ணீரில் போட்டால் பிடித்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும். 'எங்கே விழுந்து வாரினே' என்று திட்டியபடியே, ஒவ்வொரு முறையும் சுவடில்லாமல் எடுத்திருக்கிறாள்.

"இதுக்கெல்லாம் ஆதாரம் வேணும்மா," என்றார் தலைமையாசிரியை. "எங்க ரிஜிஸ்டர்ல அப்படி எதுவும் இல்ல."

அந்த முதலுதவி ரிஜிஸ்டர், ஓரமாக உட்கார்ந்திருந்த பள்ளி நர்ஸின் மடியில் இருந்தது. அம்மா கேட்காமலே எடுத்துப் புரட்டினாள். மகள் பெயருக்கு நேரே ஒன்பது இடங்களில் ஒரே வரி: விளையாட்டில் பட்ட அடி. நேற்றைய காதும் அதில் சேர்த்தி.

"இவளுக்கு மூச்சிரைப்பு. மூணு வருஷமா கிரவுண்டுக்கே அனுப்புறதில்ல. விளையாட விடக்கூடாதுன்னு சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டதே நீங்கதானே சிஸ்டர்?"

நர்ஸ் தலைமையாசிரியையைப் பார்த்தார். "அப்படித்தான் எழுதச் சொன்னாங்க."

"ஒவ்வொரு தள்ளுமுள்ளுக்கும் விசாரணை வெச்சா பள்ளிக்கூடம் நடத்த முடியுமா?" என்றார் தலைமையாசிரியை.

"இவளுக்கு ஒம்போது தடவை ரத்தம் வந்தா விளையாட்டு. இன்னொருத்திக்குப் பல்லு போனா மட்டும் போலீஸா?" அம்மாவின் குரல் வராந்தா வரை கேட்டது. "கூப்பிடுங்க மேடம். பல்ல உடைச்சது தப்புதான், அதை இவளே சொல்லுவா. மிச்சத்தையும் சொல்லுவா. இந்தப் பக்கமெல்லாம் எனக்கு ஜெராக்ஸ் வேணும்."

"அதெல்லாம் வெளிய தர முடியாது."

"அப்போ வந்து கேக்கிறவங்ககிட்ட காட்டுங்க."

கையெழுத்திடாத கடிதத்தை மேசையிலேயே விட்டுவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். கேட்டைத் தாண்டியதும் நடை வேகமெடுத்தது. மகளின் நேற்றைய ரத்தச் சட்டை வீட்டுக் குளியலறை வாளியில் கிடந்தது. பள்ளியிலிருந்து போன் வந்த அவசரத்தில் தண்ணீர் ஊற்ற மறந்திருந்தாள்; கறை அப்படியே இருக்கும்.