மணிக்கட்டில் சுற்றிய வார்

அருமைராசா மொன்றியல் டவுன்டவுனில் ஓர் அருங்காட்சியகத்துக் காவலாளி. பதினொரு வருடத்தில் ஒரு படத்தையாவது நின்று பார்த்திருப்பாரா என்றால், இல்லை. படத்தைத் தொடப்போகும் கைகளைப் பார்ப்பதுதான் அவருக்கு வேலை. கை நீண்டால் போதும், "மதாம்" என்று மனுசன் முன்னால் வந்து நிற்பார்.

இந்த மாசியில் வந்த கண்காட்சிதான் ஆளைப் பிடித்து உலுப்பிவிட்டது. எல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போர்ப் படங்கள். மூன்றாவது அறையில் ஒரு பெரிய படம். பனிவெளியில் ஒரு சிப்பாய் செத்துக் கிடக்கிறான். விலா எலும்பு தெரிய அவனுடைய குதிரை பக்கத்தில் நிற்கிறது. கடிவாள வார் அவன் மணிக்கட்டில் சுற்றியிருக்கிறது. படை எப்போதோ போய்விட்டது, குதிரையால் போக முடியவில்லை.

முதுகுவலி, வேறு அறை தாருங்கள் என்று அருமைராசா மேற்பார்வையாளரிடம் கேட்டார். பொய்தான். அந்தப் புண்ணியவதி ஒரு வாங்கைக் கொண்டுவந்து அதே படத்துக்கு முன்னால் போட்டுவிட்டுப் போனாள். பொய் சொன்னவருக்கு உட்காரவும் வசதி!

போர்க்காலத்தில் இடம்பெயரும்போது மாட்டை அவிழ்த்துவிட்டுப் போவது வன்னியில் எழுதாத சட்டம். விசுவமடுவில் அன்று பால் கறக்கும் நேரத்தில் ஷெல் விழுந்தது. அருமைராசா பசு சிவப்பியை அவிழ்த்தார். கறப்பதற்காகத் தள்ளிக் கட்டியிருந்த கன்றை மறந்துபோனார். ட்ராக்டரில் இரண்டு மைல் போன பிறகுதான் நினைவு வந்தது. கட்டிக் கிடக்கிற கன்றை விட்டு எந்தப் பசு போகும்? ட்ராக்டர் பெட்டியில் பக்கத்தில் இருந்த மனைவி ஜெகதீஸ்வரி அந்த நேரம் பார்த்துக் கேட்டாள், "ரண்டையும் அவிழ்த்தாச்சுதானே?"

"ஓம்" என்றார். அந்த ஓமை இத்தனை வருடமாக மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

கண்காட்சியின் கடைசி ஞாயிறு, வேலையில்லாத நாளில், அவளைக் கூட்டி வந்தார். வீட்டில் சொல்ல அவருக்குத் துணிவு வரவில்லை. இந்தக் குதிரைக்கு முன்னாலாவது வாய் திறக்கும் என்று நம்பினார்.

ஜெகதீஸ்வரி படத்தை நெடுநேரம் பார்த்தாள். "பாவம், பட்டினி கிடந்திருக்கு. இதைக் கீறினவன் மாடு கண்டோடை கிடந்தவனாத்தான் இருப்பான்."

"இஞ்சாரும்," என்றார் அருமைராசா. "அண்டைக்கு நான் கண்டுக்குட்டியை அவிழ்க்கேல்லை. உமக்குப் பொய் சொன்னனான்."

அவள் திரும்பவில்லை. "தெரியும். வீட்டடியிலை ட்ராக்டர் வெளிக்கிட்டுத் திரும்பேக்கை பாத்தனான். அது கட்டையடியிலை நிண்டது."

"பேந்து ஏன் என்னட்டைக் கேட்டனீர்?"

"நீங்கள் ட்ராக்டரை நிப்பாட்டக் கையைத் தூக்கினியள். விட்டா ஓடிப் போயிருப்பியள். அதுதான் ஓம் எண்ட சொல்லை நானே உங்கடை வாயிலை வைச்சன்." கண்ணைத் துடைத்தாள். "எனக்கு நீங்கள் வேணுமெண்டு அந்தத் தாயையும் பிள்ளையையும் விட்டது நான்தான்."

அருமைராசா வாங்கில் இருந்துவிட்டார். இத்தனை வருடமும் தான் ஒருவன்தான் சுமந்ததாக நினைத்திருந்தார். அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, அவளை நினைக்கப் பாவமாகவும் இருந்தது.

ஜெகதீஸ்வரி படத்துக்குக் கிட்டப் போனாள். சிப்பாயின் மணிக்கட்டில் சுற்றியிருந்த வாரை நோக்கி அவள் கை நீண்டது. முடிச்சைத் தேடுவதுபோல விரல்கள் அசைந்தன.

"மதாம்" என்று அன்றைய காவலாளி ஓடிவந்தான். அருமைராசா அவளைத் தடுக்கவில்லை.