கிடங்கைத் திறந்த குரல்

கடையின் ஷட்டர் பாதி ஏறியதுமே ரேடியோ பேச ஆரம்பித்துவிடுவார். திரைச்சீலைத் துணி மொத்த வியாபாரியான அவருக்குச் சந்தை வைத்த பெயர் அது. ‘அணைக்கிற பொத்தான் இல்லாத ரேடியோ’ என்பதுதான் முழுப் பெயர். மரியாதை கருதிச் சுருக்கிவிட்டார்கள். கல்லாவில் உட்கார்ந்ததும் கைப்பேசியை வாய்க்கு நேராகப் பிடித்து, “எல்லாருக்கும் காலை வணக்கம்! கேக்குதா, கேக்குதா?” என்பார். பிறகு பழைய சந்தையைப் பற்றி ஒரு கதை. வியாபாரிகள் சங்கத்தின் கைப்பேசிக் குழுவில் இருக்கிற அத்தனை பேருக்கும் அவர் குரல் தினமும் போய்ச் சேரும்.

அன்றைய கதை திருடனைப் பற்றியது.

“அந்தக் காலத்துத் திருடன் உழைப்பாளிங்க. ஒருத்தன் பட்டப்பகல்ல நம்ம வாசல்ல கிடந்த பேலை, அதான் துணி மூட்டையை, தூக்க வந்தான். தூக்க முடியல. ‘அண்ணே, ஒரு கை பிடிங்க’ன்னு எங்கிட்டயே கேட்டான். நானும் பிடிச்சுத் தலையில ஏத்திவிட்டேன். தெருமுனையில மூச்சு வாங்கி உக்காந்துட்டான். அங்கேயே பிடிச்சோம். ஆனா டீ வாங்கிக் குடுத்துத்தான் அனுப்பினோம். ஏன்னா, பேலைத் திருப்பிச் சுமந்துட்டு வந்ததும் அவன்தான்!”

கேட்டவர்கள் சிரித்தார்கள். பிரித்த துணியிலிருந்து வரும் கஞ்சி வாசனை, எதிர்க்கடைக்காரரோடு தெருவுக்குக் குறுக்கே கத்திக் கத்திப் பேசிய விலை, திருடனாக இருந்தாலும் முகம் தெரிந்திருந்த அந்த நாட்கள் எல்லாம் ஒரு நிமிடம் நினைவில் வந்து போயின.

குழுவில் புதிதாகச் சேர்ந்த வெளியூர்த் தரகர் ஒருவர்தான் எல்லோரையும்விட அதிகமாகக் கைதட்டுவார். அவரை யாரும் நேரில் பார்த்ததில்லை. யாரோ அனுப்பிய கதைகளைக் கேட்டுப் புகழ்ந்தார் என்பதற்காக ரேடியோவே சேர்த்துவிட்டார். “ஐயா, அந்தக் கிடங்குக் கதையை இன்னொரு தடவை சொல்லுங்களேன்” என்று அவர் எழுதுவார். கடன் கேட்டால் ஆயிரம் யோசிக்கிற ரேடியோ, கதை கேட்டால் யோசிக்கவே மாட்டார்.

கிடங்கு ஊரின் மறுகோடியில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் ரேடியோவின் மனைவியின் தம்பி. தொழிலில் சரிபாதிக் கூட்டாளி. அவருக்குப் பெயர் பூட்டு. கிடங்கைப் பூட்டிய பிறகு இழுத்து இழுத்துப் பார்ப்பார் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அவர் வாய். அக்கா வீட்டுச் சாப்பாட்டில் உப்பு இல்லையென்றால்கூடச் சொல்ல மாட்டார், அப்படியே சாப்பிட்டு எழுந்துவிடுவார்.

இளமையில் இருவரும் சேர்ந்துதான் கடை போட்டார்கள். தங்க அறை இல்லாமல் பேல்களின் மேல் படுத்துத் தூங்கினார்கள். ஒரே டீயை இரண்டு டம்ளரில் ஊற்றி, யாருக்குக் குறைந்த டம்ளர் என்று பேரம் பேசினார்கள். இருவருமே குறைந்ததைத்தான் கேட்பார்கள். அந்தப் பேரம் ஒருநாளும் படிந்ததில்லை.

ஒரு மத்தியானம் பூட்டின் கைப்பேசி அடித்தது. தெரியாத எண். குரல் தெரிந்த குரல்.

“மாப்ளே, கேக்குதா, கேக்குதா? என் போன்ல சார்ஜ் இல்ல, வண்டிக்காரர் போன்ல பேசறேன். புதுசா வந்த நீலப் பேலையெல்லாம் இப்ப வர்ற வண்டியில ஏத்திவிட்டுடு.”

“சரி மாமா.”

அவ்வளவுதான். சொன்ன சொல்லைத் திருப்பிக் கேட்பது அந்தச் சந்தையில் அவமானம். ‘நிஜமாத்தான் சொல்றீங்களா?’ என்று கேட்டால் ‘நீ பொய்யன்’ என்று சொன்ன மாதிரி. வண்டி வந்தது, பேல்கள் ஏறின, போயிற்று. பூட்டு கதவைப் பூட்டி இழுத்துப் பார்த்தார்.

சாயங்காலம் ரேடியோ ஒரு வாடிக்கையாளரோடு கிடங்குக்கு வந்தார். “மாப்ளே, அந்த நீலத்தை எடு.”

“நீங்கதானே மாமா அனுப்பச் சொன்னீங்க?”

“நானா? எப்ப?”

பூட்டு எண்ணைக் காட்டினார். கூப்பிட்டுப் பார்த்தார்கள், அணைத்து வைத்திருந்தது. வாடிக்கையாளர் நைசாக நழுவினார். ரேடியோவின் முகம் சிவந்தது. வியாபார மூளை அதற்குத் தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்டது: இதில் லாபம் யாருக்கு?

“என் குரல் எனக்குத் தெரியாம எங்கேடா போய்ப் பேசும்? நீயே வித்துட்டு என் தலையில கட்டுறியா?”

சொல்லி முடிக்கும்போதே ரேடியோவுக்கு நாக்கு கசந்தது. ஆனால் பேசியே பழகிய வாய்க்குத் திரும்பி வரும் வழி தெரியவில்லை. பூட்டு மேஜையருகே போனார். சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, சட்டைப் பையில் இருந்த பேனாவையும் எடுத்து வைத்தார். அது கடைப் பேனா. இறங்கிப் போய்விட்டார்.

சந்தைச் சண்டை போலீஸ் படி ஏறக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். சங்கத்துப் பெரிய மனிதர்கள் கூடினார்கள், டீ குடித்தார்கள், இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லிக் கலைந்தார்கள். நாட்கள் ஓடின. பாதிப் பங்கைப் பிரித்துக்கொள்ளலாம் என்ற பேச்சும் வந்துவிட்டது.

கடைசியில் மனைவி சமையலறையிலிருந்து வந்து நின்றாள். “ஏங்க, அவன் பொய் சொல்லணும்னா முதல்ல பேசணும். உப்பு வேணும்னு கேக்கவே வாய் வராதவன், இத்தனை பெரிய கதையை எப்படிங்க கட்டுவான்? கதை கட்டுறது நம்ம வீட்ல யாருன்னு ஊருக்கே தெரியும். கிளம்புங்க ஸ்டேஷனுக்கு.”

தம்பியையும் அவளே போன் போட்டு வரவழைத்தாள்.

சைபர் குற்றப் பிரிவின் ஆய்வாளர் ஒரு பெண்மணி. பூட்டின் கைப்பேசியை வாங்கி இரண்டு தட்டுத் தட்டினார். “சார், உங்க போன்ல வர்ற கால் எல்லாம் தானா பதிவாகுது. தெரியுமா?”

பூட்டுக்குத் தெரியாது. ஆய்வாளர் அதை ஒலிக்கவிட்டார். ‘மாப்ளே, கேக்குதா, கேக்குதா?’ ரேடியோ கைப்பேசியை நோக்கிக் குனிந்தார்.

“இது நான்தான் மேடம். ஆனா நான் பேசல.”

ஆய்வாளர் ரேடியோவின் காலை வணக்கம் ஒன்றையும் வாங்கி, இரண்டையும் கணினித் திரையில் கோடுகளாக ஓடவிட்டார். “இது நீங்க. மூச்சு வாங்குற இடமெல்லாம் பள்ளமா தெரியுது பாருங்க. இது அன்னைக்கு வந்த கால். எங்கேயாவது பள்ளம் இருக்கா? மூச்சே விடாம பேச உங்களாலயே முடியாது சார். இது கம்ப்யூட்டர் செஞ்ச குரல். இன்னும் ரெண்டு சோதனை வச்சு உறுதி பண்ணிக்குவோம்.”

“என் குரல் அவங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?”

“நீங்கதான் தினமும் இலவசமா அனுப்புறீங்களே! நீலப் பேல் வந்ததையும் மச்சான் நம்பரையும்கூடக் குழுவுல போட்டிருக்கீங்க!” என்று குழுவிலிருந்த கிடங்குக் கதையை அவர் தட்டினார். ரேடியோவின் குரல் அறையை நிறைத்தது: “என் மச்சானை மாப்ளேன்னு ஒரு குரல் குடுத்தா போதும், கிடங்கு திறந்துடும். மறுகேள்வி கேக்க மாட்டான். அப்படி ஒரு மனுஷன் இந்தக் காலத்துல யாருக்குங்க கிடைப்பான்?”

பெருமையாகச் சொன்னதுதான். பூட்டு முதல்முறையாக அதைக் கேட்டார். அவர் அந்தக் குழுவிலேயே இல்லை. அவர் கண் கலங்கியதை ஆய்வாளர் பார்க்காத மாதிரி இருந்தார்.

அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது. வண்டியின் எண் பலகை போலி. ஆனால் அதன் மேல்மூடியில் பச்சை ஒட்டு ஒன்று இருந்தது பூட்டுக்கு நினைவிருந்தது. சாலையோரக் கேமராக்கள் அந்தப் பச்சையை ஒன்று மாற்றி ஒன்று காட்டிக்கொடுத்துக்கொண்டே போயின. அணைப்பதற்கு முன் அந்தக் கைப்பேசியின் சிக்னலும் அதே பாதையில்தான் போயிருந்தது. ஊருக்கு வெளியே ஒரு கொட்டகையில் பேல்களோடு, குழுவில் கைதட்டிய அந்தத் தரகரும் அகப்பட்டார். பேல்களில் பாதிதான் மிச்சம்.

“அன்னைக்கே வந்திருந்தா முழுசும் கிடைச்சிருக்கும்” என்றார் ஆய்வாளர். “நீங்க சண்டை போட்ட நேரத்துல அவங்க வியாபாரம் பண்ணிட்டாங்க.”

தரகரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ரேடியோ அவரை மேலும் கீழும் பார்த்தார். “ஒண்ணே ஒண்ணு சொல்லுப்பா. கதையாவது நிஜமாப் பிடிச்சிருந்துதா?”

“பிடிச்சிருந்துதுங்க ஐயா” என்றார் தரகர், தலையைக் குனிந்தபடி.

வெளியே வந்ததும் மனைவி இருவரையும் மரத்தடியில் நிறுத்தினாள். “இவன் முகம் தெரியாத குரலை நம்பினான். நீங்க முகம் தெரிஞ்ச மனுஷனை நம்பல. இதையே மாத்திப் பண்ணியிருந்தா ஒரு பேல்கூடப் போயிருக்காது.”

ரேடியோ மச்சானின் கையைப் பிடித்தார். “துணி போனது திருடனால. உன்னைப் பேசினது நான்தான் மாப்ளே, அதை எந்த மெஷின் மேலயும் போட முடியாது. மன்னிச்சுடு. கிடங்குக்கு வா.”

பூட்டு கையை விடுவித்துக்கொள்ளவில்லை. “வர்றேன் மாமா. ஆனா இனிமே நீங்க கூப்பிட்டா நான் வச்சிடுவேன். வச்சிட்டு உங்க நம்பருக்கு நான் திரும்பக் கூப்பிடுவேன். கோவிச்சுக்கக் கூடாது.”

அவர் அத்தனை நீளமாகப் பேசி அக்காவே கேட்டதில்லை.

இப்போதெல்லாம் ரேடியோ கிடங்குக்குப் போன் செய்தால் மறுமுனையில் டக்கென்று துண்டிக்கப்படும். உடனே திரும்ப அடிக்கும். ஒருநாள் இதைப் பார்த்த பழைய வாடிக்கையாளர் ஒருவர் சிரித்தார். “என்னங்க, கூட்டாளியே உங்களை நம்பறதில்லையா?”

“நம்புறதாலதான் கேக்குறான்” என்றார் ரேடியோ. “திருப்பிக் கேக்காம இருக்கிறதுதான் அந்தக் காலத்துல மரியாதை. அது நல்ல காலம்தான், இல்லேன்னு சொல்லல. ஆனா குரலையே திருடுற காலத்துல திருப்பிக் கேக்கிறதுதாங்க மரியாதை. ஏமாந்துட்டா வெக்கப்படாம அன்னைக்கே போலீசுக்குப் போறதுதான் புத்தி. நீங்களும் வீட்டுக்குப் போனதும் எல்லார்கிட்டயும் சொல்லி வைங்க.”

கைப்பேசி அடித்தது. திரும்பக் கூப்பிட்டது பூட்டுதான். எடுத்தார். “நான்தான் மாப்ளே. நானேதான். ரெண்டு பேல் அனுப்பு.”