சவுண்டு வர்ற வரைக்கும்

பந்தல்ல ஓடிக்கிட்டிருந்த பக்திப் பாட்டு பாதி வரியில பொசுக்குனு நின்னுபோச்சு. ஸ்பீக்கருக்குப் பின்னால குனிஞ்சு நின்ன தினேஸ்வரி, உருவுன பெண்டிரைவ உள்ளங்கையில பொத்திக்கிட்டு வீட்டுக்குள்ள ஓடுனா.

"யாருடி பாட்ட நிப்பாட்டுனது?" கலாதேவி அத்தை நாக்காலியில இருந்தபடியே கத்துனாங்க.

"ஒரு மணி நேரம் குடுங்க அத்த, திரும்ப சொருவிர்றேன்."

"சாவு வீடு ஊமையா கெடக்கணுமா?"

"அதுவரைக்கும் நீங்க பாடுங்க லா."

மணி பதினொன்னேகால். ரெண்டரைக்கு வேன் வந்துரும். மூணு மணிக்கு மின்சுடலையில நேரம் எடுத்தாச்சு. ஹாலு நடுவுல, கண்ணாடி மூடி போட்ட பெட்டிக்குள்ள அவ அண்ணன் கோகிலன் படுத்திருந்தான். முப்பத்தாறு வயசு. கிட்னி போயி நாலு வருசமா வாரத்துக்கு மூணு நாளு மெஷின்ல ரத்தத்த சுத்தம் பண்ணிக்கிட்டு இருந்தவன், நேத்து காலையில பசியாற உக்காந்த எடத்துலயே சாஞ்சிட்டான்.

போன செவ்வாக்கெழமதான் இவகிட்ட சொன்னான். "தினேஸு, என்ன வீட்ட விட்டு எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு வீடியோ போடணும். என் பெட்டியில எடிட் பண்ணி வச்சிட்டேன்."

"வாய கழுவுண்ணே!"

"கழுவிர்றேன். நீ போட்டுரு."

அவன் கல்யாண வீட்டுல வீடியோ எடுக்குறவன். பெட்டின்னா அவனோட கம்ப்யூட்டர். ஈப்போவுல பார்ட்ஸ் கடையில வேலை செய்யிற தினேஸ்வரிதான் மதர்போர்டுல இருந்து காத்தாடி வரைக்கும் பாத்துப் பாத்து எடுத்துக் குடுத்து, ரெண்டு பேருமா உக்காந்து பூட்டுனது. அவனுக்குப் புடிச்ச எடிட்டிங் ப்ரோக்ராம் ஆப்பிள் கம்பெனியோட மேக்லதான் ஓடும். மேக் வாங்க வசதி இல்ல. அதனால இந்த சாதா பெட்டியிலயே மேக்ஓஎஸ்ஸ ஏத்துனா. அது லேசுல ஏறாது. பெட்டிக்கு சுவிட்ச தட்டுன ஒடனே, "நான் ஒரு ஐமேக்தான், என்ன நம்பு"ன்னு அதுகிட்ட வரிசையா பொய் சொல்லணும். எந்த சிப்பு, எந்த கார்டு, எத்தன யூஎஸ்பி ஓட்டை, எல்லாத்துக்கும் ஒரு பொய். ஒரு பொய் பெசகுனாலும் ஆப்பிள் படத்தோட அப்படியே நின்னுரும். அந்தப் பொய் மொத்தமும் ஒரு பெண்டிரைவ்ல இருந்துச்சு. அத சொருவுனா மேக். உருவிட்டா வெறும் விண்டோஸ், கேம் வெளையாட வர்ற சொந்தக்காரப் பசங்களுக்கு. அண்ணன் பண்ண ஏற்பாடு. தன் வேலையில ஒருத்தனும் கை வைக்கக்கூடாதுன்னு.

அந்தப் பெண்டிரைவ அவன் சாவிக் கொத்துலயே மாட்டி வச்சிருந்தான்.

நேத்து சவப்பெட்டிய மூடுறதுக்கு முன்னாடி அவனுக்குப் புடிச்சதெல்லாம் உள்ள வச்சாங்க. தொப்பி, லென்ஸ் தொடைக்கிற துணி, ஒரு பாக்கெட் முறுக்கு. அம்மா முத்தம்மா அந்தச் சாவிக் கொத்தையும் எடுத்து, "எந்நேரமும் கையிலயே வச்சிருப்பான்"னு சொல்லி சட்டப் பாக்கெட்டுல போட்டாங்க. தினேஸ்வரி அப்ப மின்சுடலை ஆபீஸ்ல நின்னுக்கிட்டு இருந்தா. இன்னிக்கி காலையிலதான் வெசயமே தெரிஞ்சிச்சு.

ஒடனே போயி சவப்பெட்டிகிட்ட நின்னா. நாலு ஸ்க்ரூதான். கடையில ஒரு நாளைக்கு நாப்பது கழட்டுறவ. ஆனா அம்மா அந்தக் கண்ணாடி மேல, சரியா அந்தப் பாக்கெட்டுக்கு நேரா, கைய வச்சிக்கிட்டு உக்காந்திருந்தாங்க.

"என்னம்மா வேணும்?"

"ஒன்னும் இல்லம்மா."

புதுசா ஒன்னு செஞ்சிக்கலாம்னு அப்பதான் முடிவு பண்ணா. கடையெல்லாம் அடைச்சிருந்த ஞாயித்துக்கெழம. வீட்டுல கெடைச்ச ஒரே பெண்டிரைவ் பாட்டு ஓடிக்கிட்டிருந்ததுதான்.

ரூமுக்குள்ள அண்ணனோட கேமரா கூட்டாளி தீபன் கம்ப்யூட்டருக்கு போன்ல இருந்து இன்டர்நெட் லைன தட்டி விட்டுட்டு நின்னான். "உன் பழைய காப்பி ஒன்னு கூடவா இல்ல?"

"இல்ல தீபண்ணே. போன வருசம் அண்ணனே அப்டேட் பண்ணி எல்லாத்தையும் மாத்திட்டான். என்ன மாத்துனான்னு கேட்டா, 'சஸ்பென்ஸ்'ங்குறான்."

விண்டோஸ்ல ஒக்காந்து ஓப்பன்கோர எறக்குனா. பெட்டிய ஏமாத்திக் கெளப்பி விடுற ப்ரோக்ராம் அது. மேக்குக்கு தெரியாத பார்ட்ஸ பழக்கி விடுற குட்டி ஃபைலுங்க நாலு எறக்குனா. கான்ஃபிக் ஃபைல தொறந்து ஒவ்வொரு வரியா நெரப்ப ஆரம்பிச்சா. ப்ராசஸர் பத்தாம் ஜெனரேஷன். கார்டு ஐநூத்தி எம்பது. மாடல் பேரு ஐமேக். வெரலு தானா ஓடுச்சு. வெளிய அத்தை நெஜமாவே பாட ஆரம்பிச்சிருந்தாங்க, அதுவும் சுதி இல்லாம.

கதவுகிட்ட அப்பா பழனியப்பன் வந்து நின்னாரு. ஆயர் தாவார்ல செம்பனக் கொல ஏத்துற லோரி ஓட்டுன மனுசன். மகன் கமுந்திங் ஃபேக்டரி வேலைய விட்டுட்டு கேமரா தூக்குன நாள்ல இருந்து ஆறு வருசம் அவன்கூட நேரா பேசுனதில்ல. "அவன சாப்ட சொல்லு," "அவன மருந்து எடுக்க சொல்லு"ன்னு எல்லாம் அம்மா வழியாத்தான்.

"அண்ணன் அங்க கெடக்குறான். நீ இங்க கம்ப்யூட்டர் நோண்டிக்கிட்டு இருக்க."

"அவன்தான்பா நோண்ட சொன்னான்."

"உயிரோட இருந்தப்பவும் இதே எழவுதான்." திரும்பிப் போயிட்டாரு.

எல்லாத்தையும் பெண்டிரைவ்ல ஏத்தி சொருவி, மொத தடவ சுவிட்ச தட்டுனா. கருப்புத் திரையில வெள்ள எழுத்து கடகடன்னு ஓடி ஒரு வரியில வந்து குத்துக்கல்லு மாதிரி நின்னுச்சு. தீபன் தலையில கைய வச்சிட்டான். தினேஸ்வரிக்கு சிரிப்பு வந்துருச்சு. அந்த வரிய அவளுக்கு நல்லா தெரியும். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி இதே வரியில நாலு நாளு மாட்டி, ரெண்டு பேரும் மாறி மாறி கெட்ட வார்த்த பேசிக்கிட்டாங்க. மெமரி பக்கத்துல ஒரு எடத்துல 'நோ'ன்னு இருக்கணும், 'யெஸ்'ன்னு இருக்கு. அவ்ளோதான். மாத்துனா. திரும்ப தட்டுனா.

ஆப்பிள் வந்துச்சு. அதுக்கு அடியில கோடு. கோடு பாதி வரைக்கும் போச்சு, நின்னுச்சு, யோசிச்சிச்சு, மறுபடியும் நகந்துச்சு. பாஸ்வேர்ட் கேட்டுச்சு!

"யெஸ்ஸு!" மேசைய ஓங்கி ஒரு தட்டு. அப்பறந்தான் எந்த வீட்டுல இருக்கோம்னு நெனப்பு வந்து ஒதட்ட கடிச்சிக்கிட்டா. மூஞ்சி மட்டும் அடங்கல.

வீடியோ இருந்துச்சு. பதினாலு நிமிசம். தனி ஃபைலா எடுக்கலாம்னு பாத்தா ஒன்ற மணி நேரம்னு காட்டுது. மணி ஒன்னு அம்பது. "நேரா இதுலயே ஓட்டிருவோம்ணே. தூக்குங்க." மானிட்டர தீபன் தூக்க, சிபியூவ இவ நெஞ்சோட அணைச்சித் தூக்கிட்டு வந்து பந்தல்ல, சவப்பெட்டிய வெளிய எறக்கி வச்ச பெஞ்சுக்கு எதுத்தாப்புல ஒரு மேசையில வச்சாங்க. சிபியூவுக்குப் பின்னால இருக்குற பச்ச ஓட்டையில வயர சொருவி ஸ்பீக்கருக்கு குடுத்தா. சடங்கெல்லாம் முடிஞ்சிருந்துச்சு. வேனும் வந்து நின்னுச்சு.

ஓட விட்டா.

படம் பளிச்சுனு வந்துச்சு. சத்தம் வரல.

அவங்க சொந்தத்துல அண்ணன் எடுத்த கல்யாணம் மொத்தமும் அதுல இருந்துச்சு. கலாதேவி அத்தை தாம்பாளத்த தலையில வச்சிக்கிட்டு ஆடுறாங்க. காம்பார்ல இருக்குற சித்தப்பா தூங்கி வழியிறாரு. அம்மா மணவறைக்குப் பின்னால ஒளிஞ்சி லட்டு திங்கிறாங்க. எல்லாரும் வாய அசைக்கிறாங்க, சிரிக்கிறாங்க, ஒரு பொட்டு சத்தம் இல்ல. பந்தல்ல இருந்தவங்க ஒவ்வொருத்தரா எந்திரிச்சு கிட்ட வந்தாங்க.

"ஐயே, நானா அது," அத்தை மூக்க சிந்துனாங்க.

அம்மாதான் கேட்டாங்க. "எல்லாரும் இருக்கோம். என் புள்ள எங்கடி?"

தினேஸ்வரிக்கு சுருக்குனுச்சு. அவன் எப்படி இருப்பான்? கேமராவ புடிச்சிக்கிட்டு இருந்தவன். அந்தப் பதினாலு நிமிசத்துல ஒரு ஃப்ரேம்ல கூட அவன் மூஞ்சி கெடையாது. அவன் பேசுறது மட்டுந்தான் உள்ள இருக்கும். சத்தம் இல்லன்னா அவனும் இல்ல.

"நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க. சவுண்டு சிப்புக்கு நம்பரு தப்பு."

"என்ன நம்பரு?" தீபன்.

"ஏழெட்டு நம்பர் இருக்குண்ணே, ஒன்னு, ரெண்டு, மூணு, அஞ்சுன்னு தாண்டித் தாண்டி. அதுல ஒன்னுதான் இந்த போர்டுக்கு பொருந்தும். ஒவ்வொன்னா போட்டு ஆஃப் பண்ணி ஆன் பண்ணி பாக்கணும்."

ஒன்னு ஏற்கெனவே போட்டாச்சு. ரெண்டு போட்டா. பெட்டி அணைஞ்சி எழுந்துச்சு, ஆப்பிள், கோடு. சத்தம் இல்ல. மூணு. இல்ல. ஒவ்வொரு தடவையும் ரெண்டு நிமிசம், அம்பது பேரு அந்தக் கோட்டையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க.

"ஏறுது ஏறுது," அத்தை கைய பெசஞ்சாங்க. "பாதி வந்துருச்சு. ஐயோ நின்னுருச்சே!"

"நிக்கல அத்த, மூச்சு வாங்குது."

அஞ்சு. இல்ல.

வேன் டிரைவர் வந்து நின்னாரு. "அண்ணே, லேட்டு லா. அங்க அடுத்த ஆளு வெய்ட்டிங். எடுத்துருவோம்."

தினேஸ்வரி கீபோர்டுல இருந்து கைய எடுக்காம, தலையும் நிமுத்தாம இருந்தா. எடுத்துட்டாங்கன்னா முடிஞ்சிச்சு. கொழாய்க்குப் பக்கத்துல, பந்தலுக்கு ஓரமா இருந்து ஒரு கொரலு வந்துச்சு.

"கொஞ்சம் பொறு தம்பி," அப்பா சொன்னாரு. "என் மகன் கம்ப்யூட்டர் ஏறிக்கிட்டு இருக்கு."

டிரைவர் வாட்ச்ச பாத்தாரு. அப்பறம் அவரும் மானிட்டர பாத்தாரு.

ஏழு. இல்ல. அவ கை வேர்த்து மவுஸு வழுக்குச்சு. பதினொன்னு. பெட்டி அணைஞ்சிச்சு. எழுந்துச்சு. ஆப்பிள். கோடு. இந்தத் தடவ அத்தை கண்ண மூடி கும்பிட்டாங்க. தினேஸ்வரி திரை மூலையில இருந்த சின்ன ஸ்பீக்கர் படத்த பாத்தா. இவ்ளோ நேரமும் மங்கலா கெடந்தது இப்ப கருப்பா முழிச்சிக்கிட்டு இருந்துச்சு. ஸ்பீக்கர்ல 'டொப்'புனு ஒன்னு. கைய தூக்கிட்டா, முஷ்டி மடக்கி, தலைக்கு மேல.

ஓட விட்டா.

"அத்த, அந்த தாம்பாளத்த போட்டீங்க, மாப்ள ஓடிருவான்!"

அவன்தான். அதே கிண்டல், அதே மூச்சிரைப்பு, ரெண்டு ஸ்பீக்கர்லயும், தெருக்கோடி வரைக்கும். எதுத்த வீட்டு சீனக்கெழவி கூட வாசக் கேட்ட தொறந்து எட்டிப் பாத்துச்சு. பந்தல்ல கொல்லுனு ஒரு சிரிப்பு கெளம்பி, அப்படியே அழுகையாவும் ஆச்சு, ரெண்டயும் யாரும் பிரிச்சிப் பாக்கல. "சித்தப்பா, முழிங்க, பொண்ணு வந்தாச்சி." "அம்மா, எத்தனையாவது லட்டு? நான் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்." அம்மா சேலத் தலப்ப வாயில வச்சிக்கிட்டு குலுங்குனாங்க. தினேஸ்வரி உக்காரவே இல்ல. ஜெயிச்ச டீமு கோச்சு மாதிரி இடுப்புல கை வச்சி நின்னா, கண்ணுல தண்ணி அது பாட்டுக்கு ஊத்த.

கடைசியா வந்தது ஆயர் தாவார் கல்யாணம். குடும்பம் மொத்தமும் போட்டோவுக்கு நிக்குது. ஓரத்துல, தூணுக்குப் பின்னால பாதி மறைஞ்சி அப்பா. கேமரா மெதுவா அவருகிட்ட போச்சு. அங்கயே நின்னுச்சு.

"ப்பா." ஒரு மூச்சு இழுத்தான். "அங்க நின்னா ஃப்ரேம்ல வர மாட்டீங்க. உள்ள வாங்க. எல்லாரும் கொஞ்சம் ஒட்டி நில்லுங்க லா."

படத்துல இருக்குற அப்பா நகரல.

பந்தல்ல, கொழாய்கிட்ட நின்ன அப்பா செருப்ப கழட்டுனாரு. மகன் கெடந்த பெஞ்சுக்குப் பக்கத்துல வந்தாரு. அம்மா கொஞ்சம் தள்ளி எடம் விட்டாங்க. அத்தை தள்ளுனாங்க, சித்தப்பா தள்ளுனாரு. டிரைவர் கூட ஒரு அடி நகந்து, தோளோட தோளு ஒட்டிக்கிட்டு நின்னாரு.