அன்னபாக்கியம் போட்ட வேலி

இது நடந்தது தொண்ணூற்றெட்டிலா தொண்ணூற்றொன்பதிலா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. வேறு மழைகளும் இதற்குள் கலந்திருக்கலாம்.

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்பக்கமாக இறங்கும் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடு பஹ்மியாவுடையது. முன்னறையில் இரண்டு தையல் மெஷின்கள். மழை பெய்தால் தார் ரோட்டுத் தண்ணீர் முழுவதும் அந்த அறைக்குள்தான் போகும். இன்னொரு தரம் வந்தால் கொம்பனித்தெருவில் தம்பி வீட்டோடு போய்விடுவதாக அவர் சொல்லியிருந்தார். ரோட்டு வேலை பார்த்து ஓய்வுபெற்ற நாகேந்திரம்தான் மறித்தார். தாரைக் கிளப்பிவிட்டு இன்டர்லொக் கல் பதித்தால் தண்ணீர் இடுக்குகளால் இறங்கிவிடும், லொறி ஏறினாலும் கல் அசையாது என்றார்.

கல் பதித்து முடிந்த அன்று அவர் பென்சன் அலுவலாகப் போயிருந்தார். மேசன் பாஸ் ஒழுங்கை முனையில் மணலைக் குவித்துவிட்டு, வெலி போடாமல் வாகனம் விடவேண்டாம் என்று நாகேந்திரத்தின் அக்கா அன்னபாக்கியத்திடம் சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார். அன்னபாக்கியம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று மாதம். வெலி அவருக்கு வேலியாகக் கேட்டது. கல் இறுகும்வரை வேலி போடச் சொல்வது நியாயமாகவே எனக்கும் பட்டது. வாசித்துக்கொண்டிருந்த புத்தகத்தை வைத்துவிட்டுப் போய் உதவினேன். பெயின்ற் வாளிகளில் தடிகளை நட்டு, ஆடாமலிருக்க அந்த மணலையே நிரப்பி, கயிறு கட்டினோம்.

மூன்று மணிக்கு ஆமி ட்ரக் சோதனைக்கு வந்தது. வேலியைக் கண்டு நின்றது. சார்ஜன்ட் இறங்கி, இது என்ன என்று கேட்டார். அன்னபாக்கியம் அடையாள அட்டையை நீட்டியபடி, “வெலி, மாத்தயா,” என்றார். சார்ஜன்ட் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். வெலிதான் இருந்தது. அதை ஏன் வாளியில் வைத்திருக்கிறார்கள் என்றுதான் அவருக்கு விளங்கவில்லை.

பஹ்மியா வெளியே வந்தார்.

“அக்கா, வெலி எண்டா மணல். கல்லு இடுக்குல கூட்டி உடச் செல்லித் தந்தது.”

“அப்ப வேலிக்கு என்ன சொல்லுறது?”

“வெட்ட.”

“நல்ல காலம். அந்தாள் வெட்ட எண்டிருந்தா நான் கல்லை வெட்டியிருப்பன், பிள்ளை.”

பஹ்மியா சிரிப்பை அடக்கிக்கொண்டு அதைச் சிங்களத்தில் சொன்னார். சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அட்டைகளைப் பார்ப்பதை முடிக்கும்வரை ட்ரக்கை வெளியிலேயே நிறுத்தினார். நாங்கள் வாளிகளைக் கொட்டி, தும்புத்தடியால் மணலைக் கூட்டி இடுக்குகளை நிரப்பினோம். பிறகு ட்ரக் கடைசி வீடுவரை போய்த் திரும்பி வந்தது. ஒரு கல்லும் அசையவில்லை. அந்நேரம் வந்துசேர்ந்த நாகேந்திரம், வேலி இல்லாமல் ட்ரக் முதலே ஏறியிருந்தால் எல்லாக் கல்லும் கிளம்பியிருக்கும் என்றார். அக்காவைப் பாராட்டினாரா ஏசினாரா என்று யாருக்கும் தெரியவில்லை.

ஐந்து மணிக்கு மழை அடித்து ஊற்றியது. பஹ்மியா மெஷின் மேசையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருந்தார். தண்ணீர் கற்களின் மேல் பரவி, தயங்கி, சின்னச் சின்னக் குமிழிகளுடன் இறங்கிப் போனது. வாசற்படி வரை வரவில்லை. கடைசியில் அவர் காலை இறக்கி, விட்ட இடத்திலிருந்து தைக்கத் தொடங்கினார்.

பஹ்மியா கொம்பனித்தெருவுக்குப் போகவில்லை. மகளும் இப்போது அதே முன்னறையில் தைக்கிறாள். அன்னபாக்கியம் போர்நிறுத்தத்தில் பாதை திறந்ததும் யாழ்ப்பாணம் திரும்பி, எட்டு வருடம் இருந்து காலமானார். நாகேந்திரம் மகனோடு கனடாவில் இருக்கிறார். சார்ஜன்ட்டின் பெயரை நாங்கள் கேட்கவில்லை. நான் அதே ஒழுங்கையில் இருக்கிறேன்.